வேறு வண்டியின் சட்டத்துண்டு

எங்கள் ஊரான பர்னியின் மாடல் கார் சங்கத்துக்கு நான் செயலாளர். பெயிண்ட் உரிப்பது பற்றிச் சங்க இதழில் நான் பலமுறை எழுதிய விதி ஒன்றே: முதலில் சட்டத்துண்டு, பிறகுதான் வண்டி. நாங்கள் கையால் கோத்து ஒட்டும் சின்னப் பிளாஸ்டிக் கார்களின் உதிரிகள் பெட்டிக்குள் ஒரு மெல்லிய சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சட்டத்தில் விரலளவு வெட்டி, உரிக்கும் திரவத்தில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும். துண்டு தாங்கினால் அதே பிளாஸ்டிக்கில் வார்த்த வண்டியும் தாங்கும்.

நெவில் பள்ளியில் என் பெஞ்சுக்காரன். சங்கப் போட்டியில் ஆறு வருடமாக அவனுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஆறு முறையும் பக்கத்து ஊர் டெவன்போர்ட்டிலிருந்து வரும் பெவர்லிக்கு. இந்த வருடம் அவன் நம்பியிருந்தது ஒரு பழைய யூட்டை, அதாவது பின்பக்கம் திறந்த காரை. அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. யாரோ பூசியிருந்த சிவப்பின் மேலேயே, அடைமழை நாளில், நீலம் அடித்துவிட்டான். ஈரக்காற்றில் நீலம் வெளுத்துப்போயிற்று.

திங்களன்று யூட்டின் மேற்கூட்டை எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தான்.

"சனிக்கிழமை போட்டி, எனிட். உன் ஜாடியில போட்டுக் குடேன்."

"சட்டத்துண்டு எங்க?"

"அதத்தான் கேப்பேன்னு தெரியும்." பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினான். "பரீட்சை ஹால் வாசல்ல சீட்டு கேக்கற மாதிரில்ல கேக்கற."

துண்டு, நான் உரிக்கப் பயன்படுத்தும் பிரேக் ஆயிலில் ஓர் இரவு கிடந்து, போட்டபடியே வெளியே வந்தது. செவ்வாய் மாலை சக்கரம், கண்ணாடி, முலாம் பூசிய பம்பர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, கூட்டை ஜாடியில் மூழ்கடித்து மூடினேன். ஜாடியின் வயிற்றில் 'பிரேக் ஆயில், பிளாஸ்டிக்குக்கு மட்டும்' என்று ஒட்டியிருக்கிறேன். மூடியில் ஒட்டுவதில்லை. மூடிகள் இடம் மாறிவிடும்.

புதன் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எனிட், கோவிச்சுக்காத. அந்தத் துண்டு இருக்கே..."

"சொல்லு."

"அது யூட்டோடது இல்ல. வேற வண்டியோடது."

"யூட்டோட சட்டம் எங்க போச்சு?"

"சட்டமே கெடையாது. பழைய சாமான் வித்த ஒரு வீட்டுல வாங்கினது, செருப்புப் பெட்டில போட்டு வச்சிருந்தாங்க. சட்டம் இல்லேன்னா நீ தொட மாட்டேன்னு..."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாத்திருப்பேனே, நெவில்."

"ராத்திரி பூரா தூங்கல."

"உன் வண்டி பதிமூணு மணி நேரமா ஊறிக்கிட்டு இருக்கு. கெளம்பி வா."

எந்தப் பிளாஸ்டிக் என்றே தெரியாத வண்டி. சில வகை அந்த எண்ணெயில் என் ரொட்டி வெண்ணெய் போல இளகிவிடும். நான் கையுறையும் கண்ணாடியும் மாட்டி, ஷெட் கதவைத் திறந்து வைப்பதற்குள் நெவில் மழையில் வந்து நின்றான். வீட்டில் போடும் கம்பளிச் செருப்பு, சொதசொதவென்று.

"நீயே எடு. நான் பாக்கல," என்று திரும்பிக்கொண்டான்.

இடுக்கியால் கூட்டைத் தூக்கினேன். நீலமும் சிவப்பும் ஈரக் காகிதம் போலத் தொங்கின. கூரையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுந்தவில்லை. கதவு, மூக்கு, பின்தட்டு என எல்லாம் கல்லாக இருந்தன.

"திரும்புய்யா. உன் வண்டிக்கு ஒண்ணுமில்ல."

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கொதிநீர் பட்டால் கூரை கோணிக்கொள்ளும். பெயிண்ட் முழுக்கப் போனதும் கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கம்பெனியில் வார்த்தபோதே கலந்த நிறம் அடியில் இருந்தது. பழுத்த மாண்டரின் ஆரஞ்சுத் தோல் நிறம்.

"இது மேல போய் யாரு சிவப்பு அடிச்சது?" என்றான் நெவில்.

"நீ நீலம் அடிச்சியே, அதே மாதிரி ஒருத்தன்."

ஞாயிறு வரை மழை என்றது வானொலி. மீண்டும் பெயிண்ட் அடித்தால் மீண்டும் வெளுக்கும். போட்டி விதிகளை எடுத்துப் படித்தேன், எழுதியவளே நான்தான் என்றாலும். 'மேற்பூச்சு' என்ற சொல் எங்கும் இல்லை. 'மேற்பரப்பின் நேர்த்தி' என்றுதான் இருந்தது.

"அப்படியே விட்ரலாமா?" என்றான்.

"அப்படியே இல்ல. மெருகேத்தணும். உக்காரு."

இரண்டு நாள் என் சமையலறை மேசையில் நனைந்த உப்புத்தாளும் பற்பசையுமாகத் தேய்த்தோம். கடைசியில் வண்டிக் கூரையில் சமையலறை ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் மழையும் தெரிந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் நடுவர் யூட்டின் முன் இருமுறை வந்து குனிந்தார். மூன்றாம் முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் பரிசு நெவிலுக்கு. அவன் கையிலிருந்த லாமிங்டன் கேக்கைத் தட்டில் வைக்க மறந்து, அதோடேயே போய்க் கை குலுக்கினான். நடுவரின் கோட்டுக் கையெல்லாம் தேங்காய்த் துருவல்.

பெவர்லிதான் எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டினாள். பிறகு குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள்.

"மறைக்காம சொல்லு நெவில். என்ன பெயிண்ட் இது? ஒரு பிரஷ் தடம் இல்ல, ஒரு தூசி இல்ல."

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் எனிட் கைங்கரியம். அவளக் கேளு."

பெவர்லி என் பக்கம் திரும்பினாள்.

"பிரேக் ஆயில்," என்றேன்.

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். தேநீர் ஊற்றிக் கொடுத்து, உட்காரவைத்து, முதலிலிருந்து சொன்னேன், சட்டத்துண்டிலிருந்து. வேறு வண்டியின் துண்டு என்ற இடம் வந்ததும் நெவில் இன்னொரு லாமிங்டன் எடுத்து வருவதாகச் சொல்லி நழுவிவிட்டான்.