படத்தில் இருந்தவர்களின் மேசை

திராட்சை அறுவடையின் கடைசி நாளன்று, பழம் பறிப்பவர்கள் எங்கே உண்பது என்னும் கேள்வி ரொக்பெல் கோட்டையில் அதுவரை எழுந்ததே இல்லை. பெருங்கூடத்தில், அக்ரூட் மரத்தாலான அந்த நீண்ட மேசையில் உண்பார்கள். கோட்டைக்காரரின் மருமகன் திபோ பாரிஸிலிருந்து வந்து நிர்வாகத்தை ஏற்ற பின்னரே அது கேள்வியாயிற்று.

'கோட்டையில் ஒரு வாரம், உணவும் திராட்சை மதுவும்' என்று விளம்பரம் செய்து அவன் பன்னிரண்டு விருந்தினரைத் தருவித்திருந்தான். அவர்களது தங்கலின் ஆறாம் நாளும் அறுவடையின் கடைசி நாளும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. அன்று காலை பத்து மணிக்கு அவன் சமையலறைக்குள் நுழைந்தபோது, சமையற்காரி சொலாஞ் வெள்ளைப் பீன்ஸும் முட்டைக்கோசும் வாத்துக்கறியும் கொதித்த பெரிய அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மதாம் சொலாஞ், மத்தியானம் கூடம் விருந்தாளிங்களுக்கு. ஆளுங்களுக்கு டிராக்டர் கொட்டகையில பலகை போடச் சொல்லிட்டேன்."

"எந்த ஆளுங்க, முசியே?"

"பழம் பறிக்கிறவங்கதான். சேத்துக் காலோட வந்து உக்காருவாங்க. அப்புறம், சூப் கிண்ணத்துலயே வைன ஊத்திக் குடிக்கிறது... அதெல்லாம் வேண்டாம். விருந்தாளிங்களுக்குச் சூப்ப சின்னக் கோப்பையில அழகா குடுங்க."

"முப்பத்தொரு வருஷமா இங்க அடுப்பு பாக்கறேன். இந்தச் சூப் ஒருநாளும் கொட்டகைக்குப் போனதில்ல."

"இந்த வருஷம் போகும். கூடத்து வாசக் கதவுக்கு மேல திராட்சைக் கொப்ப வச்சு ஆணி அடிக்கிறதும் கூடாது. அந்தக் கதவு நானூறு வருஷப் பழசு."

"கொப்பு அடிக்கிறதுக்கும் ஏறக்குறைய அதே வயசுதான்."

திபோவின் முகம் சிவந்தது. "நான் சொன்னதச் செய்யுங்க. இல்லன்னா நான் வேற ஆள் தேட வேண்டியிருக்கும்."

அவன் போய்விட்டான். லாயத்தின் மேலிருந்த அவளுடைய இரண்டு அறைகளும் அந்த வேலையோடு சேர்ந்தவை. வேலை போனால் கூரையும் போகும். இதை அவளும் அறிவாள், அவனும் அறிவான். சொலாஞ் ஒரு கரண்டி சூப்பை எடுத்து ருசி பார்த்தாள், உப்பு போதவில்லை, போட்டாள்.

பதினொரு மணிக்குத் தோட்டத்து மேஸ்திரி கஸ்தோன் சன்னலில் தலையை நீட்டினான்.

"கொட்டகையாமே அக்கா? டீசல் வாசத்தோட சூப்பு! புது ருசியா இருக்கும்."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"கத்தரியப் போட்டுட்டு வீட்டுக்குப் போறோங்கறாங்க."

"யாரும் போக வேண்டாம். கையக் கழுவிட்டு நேரா கூடத்துக்கு வரச் சொல்லு. காலக் கழுவச் சொல்லாத."

"உன் வேலை போயிடும்."

"என் வேலை சூப் வைக்கிறது. வச்சிட்டேன். நீ வந்து அண்டாவ ஒரு கை பிடி."

பன்னிரண்டரை மணிக்கு நிலவறையில் மது சுவைத்து முடித்த விருந்தினரைத் திபோ அழைத்து வந்தான். கூடத்தின் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். மேசையின் ஒரு பக்கம் பதினான்கு பேர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தார்கள். விரல்களில் திராட்சைக் கறை. கற்றரையில் சேற்றுச் சுவடு. எதிர்ப்பக்கம் பன்னிரண்டு நாற்காலிகள் விருந்தினருக்காகக் காத்திருந்தன. நடுவில் ஆவி பறக்கும் அண்டா. அண்டாவின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது திபோவின் விளம்பர அட்டை.

"இது என்ன?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

சொலாஞ் அட்டையை எடுத்துப் பிரித்தாள். அதில் அதே மேசை. போன ஆண்டு அறுவடை விருந்தில், கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் கஸ்தோன். அவனருகில் அதே முகங்கள்.

"இதக் காட்டித்தானே இவங்கள வரவழைச்சீங்க? படத்துல இருக்கலாம், மேசையில இருக்கக் கூடாதா?"

விருந்தினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒரு கணவனும் மனைவியும் "நாங்க ஊருக்குள்ள போய்ச் சாப்பிட்டுக்கறோம்" என்று முணுமுணுத்து வெளியேறினர். மற்றவர்கள் தயங்கித் தயங்கி அமர்ந்தனர். முத்துமாலை அணிந்த ஒரு பெண்மணி தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். அதையும் சொலாஞ் கண்டாள். கண்டுவிட்டு, அந்தப் பெண்மணியின் கிண்ணத்தையும் விளிம்புவரை நிரப்பினாள்.

உண்டு முடிக்கும் தறுவாயில் பதினான்கு பேரும் கரண்டியைக் கீழே வைத்தனர். ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு வாய் சூப் மிச்சமிருந்தது. அதில் மதுவைக் கலந்து குடிப்பது வழக்கம்; முதலில் ஊற்ற வேண்டியவர் கோட்டைக்காரர். மாமனார் ஊரில் இல்லாததால் அந்த இடம் திபோவினுடையது. சொலாஞ் புட்டியை அவனிடம் நீட்டினாள்.

"ஊத்துங்க முசியே. சூப் ஆறுது."

"திங்கக்கிழமை உங்களுக்குக் கடிதம் வரும்," என்றான் அவன். புட்டியைத் தொடவில்லை.

"வரட்டும். இன்னிக்குச் சனிக்கிழமை."

முப்பத்தோராண்டுகளில் அவள் அந்த மேசையில் அமர்ந்ததில்லை. நின்று பரிமாறியே பழகியவள். இப்போது மேசையின் தலைப்பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கிண்ணத்தில் இரண்டு வாய் சூப் எடுத்து, அதில் செம்மதுவைத் தாராளமாக ஊற்றி, ஒருமுறை சுழற்றி, இரு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். மேசையின் ஒரு பக்கம் முழுதும் பதினான்கு கிண்ணங்கள் உயர்ந்தன. எதிர்ப்பக்கத்தில் மூன்றோ நான்கோ உயர்ந்தன. ஒருவர் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"பழக்கமில்ல! பாரிஸ்காரர் போலிருக்கு," என்று கஸ்தோன் உரக்கச் சொன்னான். அந்த மனிதரே முதலில் சிரித்தார்.

பிறகு அவன் கடைசி வண்டியில் வந்த திராட்சைக் கொப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். ஆணியை நீட்டியவள் சொலாஞ். சுத்தியலால் நான்கு அடி. நானூறு வருடக் கதவின் தலைமேல், அடுத்த அறுவடை வரை நிற்க வேண்டிய இடத்தில், கொப்பு நின்றது.

"நாளைக்கே கழட்டச் சொல்லிடுவேன்," என்றான் திபோ.

"கழட்ட ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டுச் சொலாஞ் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பழம் பறித்தவர்களில் ஒருவரும் நிமிரவில்லை; ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "இல்லன்னா நீங்களே ஏறுங்க. நான் ஏணியப் பிடிச்சுக்கறேன், திங்கக்கிழமை வரைக்கும்."