இடப்பக்கம் சுவர்

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், எனக்குப் பந்தைப் பாய்ந்து பிடிக்கத் தெரியாது. "டைவ் அடிப்பியா?" என்று கோச் கேட்டபோது, "அதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார்" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்கு விக்கெட் கீப்பர் தேர்வு. நான் சொதப்பினால், அந்த இடம் எங்கள் அணியின் நெட்டைக்காலிக்குப் போய்விடும். அவள் போன வருடமே அதற்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

விழுவதென்றாலே எனக்குப் பயம். அதனால் ராத்திரி பத்து மணிக்கு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள்.

"கையை ஊனிக்கிட்டு விழுறவங்களாலதான்டி எங்க டிபார்ட்மென்ட்டே ஓடுது" என்றாள். "முழங்கையையும் ஊனாத. பக்கவாட்டுல தாழ்வா சரிஞ்சு, அப்படியே உருண்டுடு. பந்துமேல இருந்து கண்ணை எடுக்காத."

மெத்தையைத் தரையில் போட்டோம். நான் குந்தி உட்கார, அவள் சாக்ஸைச் சுருட்டி எறிந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது மூக்கில் வந்து மோதியது.

"கண்ணைத் தொறடி! சாக்ஸ் கடிக்கவா போகுது?"

"உன் சாக்ஸுக்குக் கண்ணை மூடாட்டியும் மூக்கையாவது மூடணும்!"

பத்தாவது சாக்ஸ் கையில் சிக்கியது. இருபதாவதில் நான் பருந்தாகிவிட்டேன். அப்போதுதான் அக்கா தலையைச் சொறிந்தாள்.

"ஏண்டி, எல்லாத்தையும் வலப்பக்கமே பிடிக்கிற?"

"இடப்பக்கம் சுவர் இருக்கே."

இருவரும் சுவரைப் பார்த்தோம். மைதானத்தில் பந்துக்கு அந்தச் சுவரைத் தெரியாது.

மெத்தையைச் சுற்றித் திருப்பப் பார்த்தோம். பீரோ இடித்தது. நிமிர்த்தினோம், மின்விசிறி இடிக்கப் பார்த்தது. மெத்தை சரிந்து எங்கள் மேலேயே விழுந்தபோது அம்மா கதவைத் திறந்தாள். அடியில் கிடந்தபடியே விஷயத்தைச் சொன்னோம்.

"அதுக்கு எதுக்குடி மெத்தையைத் திருப்புறீங்க? இவளைத் திருப்புங்க!"

மெத்தையைப் பழைய இடத்திலேயே போட்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தினேன். இப்போது சுவர் வலப்பக்கம்.

"கோச்கிட்ட பொய் சொன்னியா?" என்றாள் அம்மா.

"ம்."

"அப்ப ஏழு மணிக்குள்ள அதை உண்மையாக்கு." சாக்ஸை அம்மாவே வாங்கிக்கொண்டாள். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்துத்தான் எறிந்தாள்.

இடப்பக்கம் பத்தில் ஆறு பிடித்தேன். விட்ட நாலிலும் கையை ஊனவில்லை.

இப்போது இருவரும் தூங்கிவிட்டார்கள். இடது தோள் எரிகிறது. காலையில் மெத்தை கிடையாது, வெறும் புல்தான். பயம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒன்று முடிவு செய்துவிட்டேன். முதல் பந்தை இடப்பக்கம் போடச் சொல்லி நானே கோச்சிடம் கேட்கப்போகிறேன். வலப்பக்கம் வித்தை காட்டிவிட்டு, இடப்பக்கப் பந்து எப்போது வரும் என்று நடுங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.