கம்பளங்களைப் பார்த்துச் சிரித்தவள்

மார்னி பச்சேகோவின் பட்டியலில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஊரார் பல்லைச் சுரண்டிச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. அதை வைத்து அந்த ஊரில் ஒரு கார் ஷெட்கூட வாங்க முடியாது. அதனால் அவளும் அங்கே பலர் செய்வதையே செய்தாள். வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, வேறு மாநிலத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் வித்தையைக் கற்றுக்கொண்டாள். "வீட்டைக் காதலிக்காதீங்க, எண்களைக் காதலிங்க" என்றார் வகுப்பெடுத்தவர். அவருக்குச் சோறு போட்டது வீடு அல்ல, வகுப்புதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பட்டியல் வேலை செய்யும் விதம் எளிமையானது. பள்ளிக்கூடம் எப்படி, திருட்டு எவ்வளவு, காபிக்கடை எத்தனை அடி தூரம் என்று ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் எண்பது வந்தால் வாங்கலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். ஒஹாயோவில் டொலீடோ நகரத்து மாடிவீடு ஒன்று, மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் இருக்கத் தோதானது, எழுபத்தெட்டில் நின்றது. கைபேசிக் காணொளியில் மூன்று முறை பார்த்தும் அந்த இரண்டு மதிப்பெண் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேண்டாம் என்று சொன்னால் ஏற்கெனவே கட்டியிருந்த முன்பணம் திரும்பும். ஐந்து தாண்டினால் வீடு அவளுடையது, இருபத்திரண்டு வருஷச் சேமிப்பு வீட்டுக்காரருடையது. எனவே அன்று காலை விமானமேறி வந்துவிட்டாள்.

தெருவில் திரும்பியதுமே அவளுக்கு முகம் மலர்ந்தது. குப்பை எடுக்கும் நாள். வீட்டுக்கு வீடு ஓரமாகப் பழைய தரைக் கம்பளங்கள் சுருட்டிக் கிடந்தன. எண்ணினாள், பதினொன்று. முப்பத்து மூன்றாவது கேள்வி: 'அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக்குச் செலவு செய்கிறார்களா?' பதினொரு வீடு கம்பளம் மாற்றுகிறது என்றால் தெரு மேலே வருகிறது என்றுதானே அர்த்தம்! இரண்டு மதிப்பெண் போட்டாள். எண்பது.

வாசலில் தரகர் ட்ரெவர் கோவல்சிக் காத்திருந்தான். வெயிலோ மழையோ கழற்றாத சிரிப்பு.

"மார்னி! நேர்லயே வந்துட்டீங்களே! இந்தத் தெரு இப்பதான் கண்ணு முழிக்குது. இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்களே இங்க வாங்க முடியாது, பாருங்க."

வீடெல்லாம் காட்டிவிட்டு பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனான். கலிஃபோர்னியாவில் இப்படி வீட்டுக்கடியில் நிலவறை வைத்துக் கட்டுவது அபூர்வம். மார்னி அதற்குள் கால்வைத்ததே அதுதான் முதல் தடவை. சுவர்களில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை பளீரென்று வெள்ளை, அதற்கு மேலே பழைய சாம்பல் நிறம். சலவை இயந்திரம் நான்கு சிமென்ட் கற்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு நிறம் அழகா இருக்கே!"

"பழைய பாணிங்க."

"மெஷின் ஏன் உயரத்துல இருக்கு?"

"குனிய வேண்டாம் பாருங்க. முதுகுக்கு நல்லது."

முதுகுவலிக்காரியான மார்னி மனதுக்குள் இன்னொரு மதிப்பெண் போட்டாள். ட்ரெவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அவன் பேசி முடிப்பதற்குள் கம்பளங்களைப் படமெடுத்து வகுப்புக் குழுவில் போடலாம் என்று அவள் வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டு வராந்தாவில் ஒரு பெண்மணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பெயர் பெர்னிஸ் ஹேட்சர், கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"கம்பளத்தையா போட்டோ புடிக்கிற, கண்ணு?"

"ஆமாங்க. தெருவே வீட்டைப் புதுப்பிக்குதே!"

"நீ கலிஃபோர்னியாவா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நனைஞ்ச கம்பளத்தைப் பாத்துச் சிரிக்கிறவங்க அங்கேருந்துதான் வர்றாங்க. போன வருஷம் வந்தவரு கையே தட்டினாரு."

மார்னி அருகிலிருந்த சுருளைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமானது. முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம்.

"சனிக்கிழமை பெஞ்ச மழை" என்றார் பெர்னிஸ். "இங்க தெருவுக்கு அடியில ஒரே குழாய்தான். மழைத்தண்ணியும் அதுலதான், கக்கூஸ் தண்ணியும் அதுலதான். மழை கொட்டினா குழாய் நெறஞ்சுடும். அப்புறம் தண்ணி என்ன பண்ணும்? வந்த வழியே திரும்பி, எது தாழ்வா இருக்கோ அதுல ஏறும். தாழ்வா இருக்கிறது நம்ம பேஸ்மென்ட் தரையில தண்ணி போக வெச்சிருக்கிற ஓட்டைதான். உங்க ஊர்ல பேஸ்மென்ட் இல்லையா?"

"எங்களுக்கு நிலநடுக்கம்."

"அது சரி, ஆளுக்கொண்ணு" என்று பெர்னிஸ் ஒரு கடலையை வாயில் போட்டார். "நீ பாக்க வந்த வீட்டுக் கீழ்ப்பக்கம் டெனீஷான்னு ஒருத்தி குடியிருந்தா. மூணு தடவை பேஸ்மென்ட்ல வெச்ச துணிமணியெல்லாம் குப்பைக்குப் போச்சு. நாலாவது தடவை வீட்டையே விட்டுட்டுப் போயிட்டா."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா. அவரு அரிசோனாவுல இருக்காரு. தண்ணி அவ்வளவு தூரம் போகலையாம்." பெர்னிஸ் அவள் கைபேசியில் திறந்திருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். "இந்தப் பட்டியல்ல, இங்க குடியிருந்தவங்களைக் கேட்டீங்களான்னு ஒரு கேள்வி இருக்கா?"

மார்னி மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினாள். காபிக்கடைக்கு இரண்டு கேள்வி இருந்தது. நாய் உலாவும் பூங்காவுக்கு ஒன்று. குடியிருப்பவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

"இருக்காதே" என்றார் பெர்னிஸ், அடுத்த கடலையை உடைத்தபடி.

மார்னி திரும்ப நிலவறைக்குள் இறங்கினாள். அவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வருஷம் முழுக்கப் பல்லைக் கவனிக்காதவர்கள் அவளிடம் வரும் நாள் காலையில் மட்டும் ஈறு கிழியத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். வாய் திறந்ததுமே தெரிந்துவிடும், எது தினசரிச் சுத்தம், எது இன்றைய சுத்தம் என்று. இடுப்பு வரைக்கும் மட்டும் வெள்ளையாயிருந்த சுவரை இப்போது அந்தக் கண்ணால் பார்த்தாள். வாடகைக் கார் சாவியால் ஓரத்தில் சுரண்டினாள். வெள்ளை ஒரு துண்டாக உரிந்து வந்தது. உள்ளே பழுப்பு, ஈரம், அதே வாசனை.

"பெயிண்ட் உரியுறதெல்லாம் சகஜம், மார்னி" என்று படியில் நின்று சொன்னான் ட்ரெவர்.

"பல்லுக்கு வெள்ளை அடிச்சா சொத்தை போயிடாது, ட்ரெவர்."

கைபேசியில் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பினாள். மணி மூன்று நாற்பது. ட்ரெவரின் சிரிப்பு கொஞ்சமும் கலையவில்லை. ஏன் என்று அரை நிமிஷத்தில் தெரிந்தது. அவனுடைய கைபேசி அடித்தது, காணொளி அழைப்பு.

"கிரெக்! சான் டியேகோவுல வெயில் எப்படி? நல்ல நேரத்துல கூப்டீங்க, வீடு இப்பதான் காலியாச்சு. இதோ பேஸ்மென்ட், காஞ்சு கெடக்கு பாருங்க."

கைபேசியை நெஞ்சுயரத்தில் பிடித்து, லென்ஸைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினான். மார்னி பார்த்த மூன்று காணொளிகளிலும் அந்தக் கை இதற்குக் கீழே இறங்கியதே இல்லை.

அவள் எட்டித் தலையை நீட்டினாள். "கிரெக், கையை இறக்கச் சொல்லுங்க. அந்த வாஷிங் மெஷினோட காலைக் காட்டச் சொல்லுங்க."

ட்ரெவர் வேறு வழியில்லாமல் கையை இறக்கினான். லென்ஸ் அந்த நான்கு சிமென்ட் கற்களுக்கு நேரே நின்றது.

"அட!" என்றது கிரெக்கின் குரல். "மெஷினை உயரத்துல தூக்கி வெச்சிருக்காங்களே! குனியவே வேண்டாமே! இருங்க இருங்க, இதுக்கு என் பட்டியல்ல ரெண்டு மதிப்பெண் போட்டுக்கிறேன்."