நிர்வாகி திறந்த கோப்பு

1
இந்தக் கதை ஒரு கணினித் திரையிலிருந்துதான் எனக்குக் கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நமுனுகுல மலையில் பனி இறங்கிய காலையில் மயூரி—’ வேண்டாம். பனிக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

2007. பதுளையில் லத்தீப் நடத்தும் கணினி வகுப்பு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே படிப்பிக்கிறவள் மயூரி. தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் தட்டச்சுப் பழகவென்று ஒரு கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தாள். இன்று அது அவளை உள்ளே விடவில்லை. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திரை கறுத்து, மறுபடி பெயரைக் கேட்டது.

வகுப்பு தொடங்குமுன் சரியாகாவிட்டால் லினக்ஸை அழித்துவிடப் போவதாக லத்தீப் சொல்லிவிட்டார். அதோடு தமிழ் வகுப்பும் போய்விடும்.

2
(அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழுகிறவள் இல்லை. எடுத்துவிட்டேன்.)

நேற்று, தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தப் போனாள். நிர்வாகிக்கு மட்டுமே அந்த உரிமை. அதனால் நிர்வாகியாக இயங்கவிடும் ‘சூடோ’ கட்டளை கொடுத்து, கோப்புகளைத் திருத்த வழக்கமாகப் பயன்படுத்தும் ஜீஎடிட் செயலியைத் திறந்தாள். அது அவளுடைய சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவுக்குள்ளேயே ஒரு சிறு கோப்பை நிர்வாகியின் பெயரில் எழுதி வைத்துவிட்டது. உள்ளே நுழைய அந்தக் கோப்பு வேண்டும். தொட அவளுக்கு உரிமை இல்லை.

அண்ணன் முறையில் அவள் ‘நானா’ என்று அழைக்கும் லத்தீப்புக்கு இது விளங்கவில்லை. மயூரி சொன்னாள்:

“தோட்டத்துத் தொரை நம்ம லயத்து வீட்டுக்கு வந்து ஒரு கதிரையில உக்காந்துட்டுப் போனா, அப்புறம் அதுல யாரு உக்காருவா நானா? வீடு நம்மளுதுதான். கதிரை இல்ல.”

“தொரைய கூட்டிட்டு வந்தது நீதானே புள்ள.”

“நான்தான்.”

3
எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்குப் போய், நிர்வாகியாக ஒரே கட்டளை கொடுத்து அந்தச் சிறு கோப்பைத் தன் பெயருக்கு மாற்றினாள். மறுபடி நுழைந்தாள். கணினி திறந்தது.

இங்கே முடித்திருக்கலாம்: லத்தீப் சிரித்தபடி பிளேன்டீ வரவழைக்கிறார். ஆனால் நேற்றைய திருத்தத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தது. தமிழ் இன்னும் வரவில்லை. நேற்றைய அமைப்புக் கோப்பைத் திரும்பவும் திறக்க வேண்டும்.

“இப்ப வேலை செய்யுதுதானே? இனிமே கை வச்சா அழிச்சிடுவேன்” என்றார் லத்தீப்.

இன்னொரு முடிவில் அவளை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்தேன். அங்கே இருந்தவள் மயூரி இல்லை, வேறு யாரோ.

4
இம்முறை ‘ஜீகேசூடோ’ என்று அடித்தாள். ஜீஎடிட் போன்ற, ஜன்னலில் திறக்கும் வரைகலைச் செயலிகளுக்கென்றே உள்ள கட்டளை. நிர்வாகியின் கோப்புகளை நிர்வாகியின் அடைவிலேயே வைத்துக்கொள்ளும். கடவுச்சொல் கேட்டது.

“நான் சொன்னது வெளங்குதா?”

“வெளங்குது நானா. தமிழ் வராத கம்பியூட்டர வச்சிக்கிட்டு நான் என்னத்த சொல்லிக் குடுக்க?”

கடவுச்சொல்லை அடித்தாள். விடுபட்ட வரியைச் சேர்த்துச் சேமித்தாள். தன் கணக்கிலிருந்து வெளியேறினாள். படிக்கட்டில் பிள்ளைகளின் பேச்சுக் கேட்டது. மறுபடி நுழைந்தாள், கணினி உள்ளே விட்டது. எழுந்து, விசைப்பலகையை லத்தீப்பின் பக்கம் தள்ளினாள்.

“உங்க பேர தமிழ்ல அடிச்சுப் பாருங்க. அப்புறம் அழிங்க.”

லத்தீப் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து—

இதற்கு மேல் அவருடைய விரலை நான் நகர்த்தமாட்டேன். நீங்களும் அந்த அறையில்தான் நிற்கிறீர்கள். எந்த எழுத்து வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.