பத்தாவது ஆள்

"ஒன்பது பேர்தான் இருக்கீங்க. பத்தாவது ஆள் வந்தாத்தான் குப்பியைத் திறப்பேன்" என்றார் நர்ஸம்மா.

"திறந்தா என்ன சிஸ்டர், உள்ளே இருக்கிறது ஓடியா போயிடும்?"

"திறந்துட்டா சில மணி நேரத்துல காலி பண்ணியாகணும். ஒரு ஆள் மருந்து வீணானாலும் மேலே இருக்கிறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். நாலு மணிக்கு மூட்டை கட்டிடுவேன். அப்புறம் அடுத்த வாரந்தான்."

பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பு அறையில் கொரோனா தடுப்பூசி முகாம். பொடிசுகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் டோக்கன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரம்மாவுக்கு மட்டும் உட்காரவே முடியவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. மகளுக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு அறுவைப் பிரசவம். மருமகன் வெளிநாட்டில், விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தான். கூட ஒரே ஒருவர்தான் வரலாம், அவரும் ஊசி போட்ட சான்றிதழோடு வர வேண்டும் என்று ஆஸ்பத்திரி நேற்று மாலைதான் சொல்லியிருந்தது.

"பத்தாவது ஆளை நான் பிடிச்சிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினார்.

"ரேடியோ அக்கா கிளம்பிட்டாங்க. இனி தெருவே வந்து நிக்கும் பாருங்க" என்றது ஒரு முகக்கவசம்.

ரேடியோ அக்கா என்பது தெரு வைத்த பெயர். முன்பெல்லாம் கடையில் நகல் எடுக்க வருகிறவர்களிடம் பேசித் தீர்த்துக்கொள்வார். ஊரடங்கு வந்து ஷட்டர் இறங்கியதும் பேச்சு போக வழியில்லாமல் தொண்டையிலேயே நின்றது. அப்புறம் தெருவின் வாட்ஸ்அப் குழு அகப்பட்டது. தினமும் காலையில் ஒரு குரல் செய்தி. எந்த வீட்டில் இருமல், எந்த வீட்டில் காய்கறிக்குச் சோப்புக் குளியல், எவர் போலீஸ் லத்திக்குப் பயந்து வெறும் மருந்துச்சீட்டோடு ஊர் சுற்றுகிறார் என்று எதுவும் தப்பாது.

முதலில் இஸ்திரிக் கடை. கடைக்காரர் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்து எதையோ தட்டினார். ரேடியோ அக்காவின் குரலே கணீரென்று வந்தது. "மூலை வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கிட்டார். சொந்த வீட்டுப் படி ஏறுறதுக்குள்ள சுருண்டு விழுந்துட்டார். என் கண்ணால பார்த்தேன். அவங்கவங்க உயிர் அவங்கவங்க கையில!"

"நீங்கதானே அக்கா இது?"

"அது அப்போ."

"இப்போ என்ன, எந்திரிச்சிட்டாரா?"

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் கதவைத் திறக்காமல் ஜன்னலிடுக்கு வழியே பேசினார்.

"நான் வாசல்படி தாண்டி பதினாலு மாசமாச்சும்மா. ஊசி வேணும்னா இங்கே வரச் சொல்லு."

"ஊசி வீடு வீடா வர்றதுக்கு அது என்ன தபாலா அண்ணே?"

"அதெல்லாம் வேண்டாம், உன் செய்தியை நான் இன்னும் அழிக்கலை. தள்ளி நின்னு பேசு."

மாடி வீட்டில் மின்தூக்கி மெக்கானிக். "என் மச்சான் அனுப்பினான், அவன் ஃபிரெண்டு அனுப்பினான், கடைசியில பார்த்தா எல்லாம் உங்க குரல்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார்.

மணி மூன்று. மகள் கூப்பிட்டாள். "அம்மா, போட்டாச்சா?" "இதோ ஆகிட்டே இருக்கு கண்ணு." வைத்துவிட்டு சைக்கிள் கடைக்கு ஓடினார்.

சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் மனைவியைத் தொற்றுக்குப் பறிகொடுத்தவர்.

"நான் ரெண்டு ஊசியும் போட்டாச்சும்மா. அவ போன அடுத்த வாரமே போய்ப் போட்டுக்கிட்டேன்."

"அப்படியா… சரிங்க அண்ணே."

"இருங்க." அவர் நிமிரவில்லை. "அவளும் போகத்தான் இருந்தா. துணி மாத்தி, ஆதார் நகலெல்லாம் பைக்குள்ள வச்சுட்டு நின்னா. உங்க கடையில எடுத்த நகல்தான். அப்போ உங்க செய்தி வந்துச்சு. மூணு தடவை போட்டுக் கேட்டா. அப்புறம் பையை ஆணியில மாட்டிட்டா."

ரேடியோ அக்கா கையிலிருந்த டோக்கனை மடித்தார், பிரித்தார்.

"உங்களாலதான்னு நான் சொல்லலை. சொல்லாம இருக்கவும் முடியலை. அவ்வளவுதான். போங்க, நேரமாகுது."

தெருவில் இறங்கியவருக்கு எந்தப் பக்கம் நடப்பதென்றே தெரியவில்லை. நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம். போனை எடுத்தார். பதிவு செய்தார், அழித்தார், மறுபடி பதிவு செய்தார்.

"நான்தான் பேசுறேன். மூலை வீட்டுக்காரர் ஊசி போட்டு மூணு நாள் கழிச்சுத்தான் விழுந்தார். அவர் வீட்டம்மா படியைச் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டிருந்தாங்க, வழுக்கிடுச்சு. எனக்கு அப்பவே தெரியும். சோப்பைச் சொன்னா கதை சப்புன்னு போயிடும்னு விட்டுட்டேன். அதைக் கேட்டுப் பயந்து யாராவது போகாம இருந்தா, அது என் தப்பு. நாலு மணி வரைக்கும் பள்ளிக்கூடத்துல நர்ஸம்மா இருக்காங்க. ஒரே ஒரு ஆள் வேணும்."

அனுப்பினார். பிறகு பதில்கள் பொரிந்தன. 'அப்போ பொய்யா, இப்போ பொய்யா?' 'யார் சொல்லிக் குடுத்தாங்க அக்கா?' 'சோப்பு எந்தக் கம்பெனி?' நல்லதாக ஒன்றுகூட இல்லை.

மூன்று நாற்பதுக்கு வெறுங்கையோடு வகுப்பறைக்குத் திரும்பியபோது நர்ஸம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் இஸ்திரிக்காரர் மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"சீக்கிரம் போடுங்க. அவருக்குத் தெரியாது."

தெரிந்துதான் இருந்தது. பின்னாலேயே அவரும் வந்துவிட்டார்.

"அறிவிருக்கா உனக்கு? சொல்லாம ஓடி வர்றே!"

"சொன்னா விடுவீங்களா? சோப்புன்னு அக்காவே சொல்லிட்டாங்கல்ல. உட்காருங்க. விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே விழுவோம். நீங்க போடலைன்னா நானும் போட மாட்டேன்."

அவர் திருதிருவென்று விழித்து, அந்தச் சின்ன பெஞ்சில் பாதி உடம்பை வைத்தார்.

நர்ஸம்மா விரல் விட்டு எண்ணினார். "இப்போ பதினொண்ணு. குப்பியில பத்துதான். டோக்கன்படி பார்த்தா உங்க வீட்டுக்காரருக்கு இல்லைம்மா."

"அப்போ எனக்கும் வேண்டாம்." அவள் எழுந்துவிட்டாள். அவர் அவளுக்கு முன்பே எழுந்துவிட்டார்.

மறுபடி ஒன்பது. மறுபடி மூடிய குப்பி. ரேடியோ அக்கா சுற்றிப் பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். ஒருவர் போனைப் பார்த்தார். வரிசையில் இருந்த ரயில் டிக்கெட் பரிசோதகர் மட்டும் வாய் திறந்தார். "எனக்கு நாளைக்கு டியூட்டிம்மா. ஊசி போடலைன்னா வண்டியில ஏத்த மாட்டாங்க."

கடிகாரம் ஒரு கோடு நகர்ந்தது. ரேடியோ அக்கா ஒன்பதாம் டோக்கனை இஸ்திரிக்காரர் சட்டைப்பையில் திணித்தார்.

"போட்டுத் தொலைங்க."

"கடைசியில கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சும். இருந்து பாருங்க" என்றார் நர்ஸம்மா.

பத்துக் கைகளும் முடிந்தன. நர்ஸம்மா குப்பியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, ஊசியால் அடிவரை இழுத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஊசிக்குழலில் மருந்து அளவுக் கோட்டுக்குப் பாதி வரைதான் ஏறி நின்றது.

"இல்லைம்மா. குறைச்சுப் போட்டா கணக்குல வராது."

போன் அடித்தது. "அம்மா, இப்பவாவது போட்டாச்சா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். "இல்லை கண்ணு. போடலை. உள்ளே விட மாட்டாங்க. கேட்டுக்கு வெளியே நிப்பேன்."

"நான் தனியாவாம்மா?"

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் மனைவி எழுந்து வந்தாள். "ஏன் தனியா? நான் வர்றேன். எனக்குச் சான்றிதழ் வந்தாச்சுல்ல?"

"நீயா? யார்கிட்ட கேட்டே?" என்றார் கணவர்.

"மூணு பெத்தவ, யாரைக் கேட்கணும்? நாளைக்குத் துணியை நீங்களே மடிங்க." ரேடியோ அக்காவின் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள். "பாப்பா, நான் இஸ்திரிக் கடை அக்கா. பயப்படாதே. உங்கம்மா அளவுக்கு எனக்குப் பேச வராது. கையைப் பிடிச்சிட்டு நிப்பேன், போதுமா?"

மகள் போதும் என்றாளா, வேண்டாம் என்றாளா, ரேடியோ அக்காவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் காதை நீட்டினார். இஸ்திரிக்காரர் மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு, "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.