சனிக்கிழமைக்கான ஒத்திகை

அந்தப் புதன்கிழமை மத்தியானம் டைன் ஆற்றின்மேல் கடல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாலங்களின் மேல்பாதியைக் காணோம். கேலம் கரையோரச் சாலையில் இறங்கி நடந்தபோது, பெரிய இரும்புப் பாலத்தின் வளைவு கொஞ்ச உயரம் போய், அதற்குமேல் கட்ட மனசில்லாமல் விட்டுவிட்டதுபோல வெள்ளைக்குள் மறைந்தது. அதன் இடுக்குகளில் கூடு கட்டியிருந்த கடற்புறாக்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. வேலைநாள் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

அவன் வந்தது வேடிக்கை பார்க்க அல்ல. வருகிற சனிக்கிழமை சிநேகிதன் ரஸ்ஸலின் பேச்சுலர் பார்ட்டி. அதற்கு அடுத்த சனிக்கிழமை ரஸ்ஸலுக்கும் லின்சிக்கும் கல்யாணம். கேலம்தான் மாப்பிள்ளைத் தோழன். எந்தப் பப்பில் ஆரம்பிப்பது, எதில் முடிப்பது, மாப்பிள்ளைக்கு என்ன வேஷம் கட்டுவது, எல்லாம் அவன் தலையில். மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை கசியக்கூடாது, அது ஊர் வழக்கம். ஆள் உயரத்துக்கு ஓர் இறால் வேஷம் வாங்கி வைத்தாயிற்று. டி-ஷர்ட்டுகளும் அச்சாகி வந்துவிட்டன, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒவ்வொருவனின் பட்டப்பெயர். கேலமின் முதுகில் 'பீப்பாய்'. ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி. பெயர் உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, உள்ளே போன பீரைப் பார்த்து வைத்தது.

சிக்கலே அங்கேதான். பீப்பாய் வறண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

ஜன்னல் கண்ணாடி மாட்டுவது கேலமின் தொழில். போன வருஷம் ஒரு விடிகாலையில் தன் வேனுக்குள் கண் விழித்தான். பின்னால் வண்டி நிறையக் கண்ணாடி. முன்சக்கரம் ஆற்றங்கரைக் கல்லின் விளிம்பில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான். அங்கே எப்படி வந்தோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு நிறுத்தியவன்தான். அதன்பிறகு வாராவாரம் ஒரு தேவாலயக் கூடத்தில் குடியை விட்ட, முன்பின் தெரியாதவர்களோடு வட்டமாக உட்கார்ந்து, "நான் குடிக்கிறதில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்கிறான். ரஸ்ஸலிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை? பயம், வேறென்ன! இருபது வருஷ சிநேகிதத்தைத் திருப்பிப் பார்த்தால், அவர்கள் இருவரும் மனசு விட்டுப் பேசியதெல்லாம் நாலாவது கிளாசுக்கு அப்புறம்தான். ரஸ்ஸலின் அம்மா இறந்தபோது ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதது அப்படித்தான். லின்சி சரியென்று சொன்ன அன்று ரஸ்ஸல் போன் பண்ணி, "நீ இல்லன்னா நான் என்னடா ஆயிருப்பேன்" என்று உளறியதும் அப்படித்தான். தெளிந்த புத்தியோடு அவர்கள் பேசியதெல்லாம் கால்பந்தும் வேன் ரிப்பேரும். குடியை எடுத்துவிட்டால் நடுவில் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றுமில்லை என்று தெரிந்துபோனால் அப்புறம் கல்யாணத்தில் அவன் பக்கத்தில் எந்த முகத்தோடு நிற்பது? அதைத் தெரிந்துகொள்ளவே கேலமுக்குத் தைரியம் இல்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டான். கூட்டமாகக் குடிக்கப் போனால் ஒவ்வொருவனும் முறை வைத்து எல்லோருக்கும் ஒரு ரவுண்டு வாங்குவான். வேண்டாம் என்றால் வாங்குகிறவனின் முகத்தில் அடித்த மாதிரி. எனவே முன்கூட்டியே ஒவ்வொரு பப்பாகப் போய், பீர் ஊற்றுகிறவர்களைக் கையில் போட்டுக்கொள்வது. தனக்கென்று யார் பீர் கேட்டாலும், போதையில்லாத பீரை அதே மாதிரி கிளாசில் நுரை ததும்ப ஊற்றித் தரச் சொல்லிவிடுவது. ஒரு வரி உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக ஊரிலுள்ள பப்பையெல்லாம் ஏமாற்றத் துணியும் ஆம்பிளைகள் அந்த ஊரில் நிறைய உண்டு.

முதல் பப், பாலத்தடியில் இருக்கும் வெள்ளை நங்கூரம். உள்ளே ஒருவரும் இல்லை. அறுபது வயசு மோரீன் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. மூட்டத்துல வழி தப்பி வந்துட்டியா?"

"சனிக்கிழமை நாங்க ஒரு பத்துப் பேர் வரோம். பேச்சுலர் பார்ட்டி."

"ஐயோ சாமி! போன வாரம் வந்தவனுங்க மாப்பிள்ளைய விளக்குக் கம்பத்துல கட்டிட்டு, மறந்து அடுத்த பப்புக்குப் போயிட்டானுங்க. நான்தான் கத்தரிக்கோல் எடுத்துட்டுப் போய் அவுத்து விட்டேன். அழுதுட்டான் பாவம்."

"நாங்க அப்படியெல்லாம் இல்லீங்க." கேலம் குரலைத் தணித்தான். "அதுல ஒருத்தனுக்கு மட்டும், பீர் கேட்டா போதையில்லாததை ஊத்தணும். யாருக்கும் தெரியக்கூடாது."

"பீப்பாய்க்குத்தானே? ஒல்லியா, காது ரெண்டும் கதவு தொறந்த மாதிரி இருக்கும்னு சொன்னாரே, அவனுக்கு? அதெல்லாம் நேத்தே சொல்லியாச்சு கண்ணு. நீ ஒண்ணும் கவலப்—" மோரீன் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வை அவன் காதுகளில் போய் நின்றது. "அடக் கடவுளே."

"யாரு வந்து சொன்னாங்க?"

"நான் எதுவும் சொல்லல. நீ எதுவும் கேக்கல."

"யாருங்க?"

"பெரிய உருவம். செவப்புத் தாடி. பேசிக்கிட்டே என் கையில இருந்த துணிய வாங்கிக் கவுண்டர் பூராத் துடைச்சுட்டுப் போனாரு. எனக்கே வெக்கமாப் போச்சு."

ரஸ்ஸல்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவன். அழுக்கு மேடையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

வெளியே வந்த கேலமுக்கு முதலில் நன்றியெல்லாம் வரவில்லை, சுருக்கென்று கோபம்தான் வந்தது. இவன் யார் என் சமாசாரத்தைக் கரை நெடுகத் தண்டோரா போட? அதுவும் காதை அடையாளம் சொல்லி! அப்புறம் அந்தக் கோபத்துக்கு அடியிலிருந்து வெட்கம் வந்தது, காது மடல் சுட. தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறான். அதுசரி, போகிற வழி எப்படித் தெரியும்? 'யாரும் பார்க்காத புது வழி' என்று கேலம் நண்பர்களிடம் ஒரு மாசமாக ஜம்பம் அடித்திருந்தான். ஆற்றங்கரையில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், பதினெட்டு வயசிலிருந்து போன அதே மூன்று பப்புகள், அதே வரிசை. புது வழியாம், மண்ணாங்கட்டி.

இரண்டாவது பப்புக்கு மனசில்லாமல்தான் போனான். மூக்கில் வளையம் போட்ட பையன் ஒருவன் கவுண்டரில் நின்றான். கேலம் வாயைத் திறக்கவில்லை. பையன் அவன் தலையை ஒரு தடவை இடமிருந்து வலம் பார்த்தான். குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தான். உயரக் கிளாசில் சாய்த்து ஊற்றி, நுரையை வழித்துவிட்டு, அவன் முன்னால் வைத்தான்.

"பாத்தா வித்தியாசம் தெரியுதாண்ணே?"

தெரியவில்லை. கேலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் குடித்தான். வெளியே ஆறு இருக்கிற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. ஏதோ ஒரு படகு, படகையே காணோம், சத்தம் மட்டும் இடமிருந்து வலமாகப் போயிற்று. கடைசி மிடறுவரைக்கும் யாரும் அவனோடு பேசவில்லை.

மூன்றாவது பப் எதிர்க்கரையில். அதற்கு நடைபாலத்தில் போக வேண்டும், கப்பல் வந்தால் ஒருக்களித்து மேலே எழும்பி வழிவிடுகிற பாலம். அதன் நடுவில் வந்தபோது இரண்டு கரையும் இல்லாமல் போயின. பின்னாலும் வெள்ளை, முன்னாலும் வெள்ளை. அந்த வெள்ளையில் கேலமுக்குச் சனிக்கிழமை தெரிந்தது. பத்துப் பேரும் தோளில் கைபோட்டு அலையலையாக வருகிறார்கள். நடுவில் இறால் வேஷத்தில் ரஸ்ஸல், இறால் மீசை இரண்டும் ஆடுகிறது. எல்லோரும் பாடுகிறார்கள், ஆனால் சத்தமே இல்லை. யாரோ ஒருவன் ஒரு கிளாசை நீட்டுகிறான். மோரீனும் மூக்குவளையப் பையனும் ஊற்றாத கிளாஸ், நிஜமான கிளாஸ். அதைத் தன் கை வாங்குவதையும் கேலம் பார்த்தான். எவ்வளவு சுலபமாக வாங்குகிறது! நாலு கிளாஸ் உள்ளே போனால் ரஸ்ஸலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்துப் பேரும் தன்னைத் தாண்டிப் போகும்வரை நின்றான்.

எதிர்க்கரை பப்பின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கவுண்டரில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய உருவம். கையில் துணி. வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டே அங்கே வேலை செய்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது.

"அவனா கேக்கலன்னாலும் எவனாவது அவனுக்கு வாங்கிருவான். அப்பவும் இதையேதான் ஊத்தணும். மறந்துராதம்மா."

"சரிண்ணே."

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா வெக்கப்பட்டு வராமயே இருந்துருவான். அவன் இல்லாம எனக்கு என்னம்மா பார்ட்டி? மத்தவனுங்க வந்தா என்ன, வராட்டி என்ன."

அந்தப் பெண் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "காது இந்த மாதிரி இருக்குமாண்ணே?"

ரஸ்ஸல் திரும்பினான். தாடிக்கு மேலே முகம் தாடி நிறத்துக்கே போயிற்று.

"நீ இங்க என்னடா பண்றே?" என்றான் ரஸ்ஸல். "மாப்பிள்ளைக்கு வழி தெரியக்கூடாது. வெளிய போ."

"நீதான்டா மாப்பிள்ளை!"

"அதைத்தான் சொல்றேன். நான் இங்க இல்ல. நீ என்னைப் பாக்கல."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

ரஸ்ஸல் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "ஒரு வருஷமா பல்லுக்கு மாத்திரை சாப்பிடறேன், அதனால குடிக்கலேங்கிறே. ஒரு மனுஷனுக்கு எத்தனை பல்லுடா இருக்கும்? சொறாவுக்குக்கூட அவ்வளவு இருக்காது."

அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். உன்னப் பாக்கறப்பெல்லாம் இன்னிக்குச் சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான்னு நெனச்சுக்குவேன். நீ என்னடான்னா சைலன்சர் ரிப்பேர் பத்தியே பேசிட்டு எழுந்து போயிருவே." அவன் குரல் உடைந்தது. "அது போகட்டும்டா. இந்தச் சனிக்கிழமை நீ எப்படி வந்தாலும் எனக்குச் சரிதான். ஆனா அடுத்த சனிக்கிழமை என் பக்கத்துல நீ நிக்கணும். உசுரோட நிக்கணும். எனக்கு வேற யாருடா இருக்கா?"

கேலம் தேவாலயக் கூடத்தில் வாராவாரம் சொல்கிற அதே வார்த்தைதான். இங்கே ஒவ்வொன்றையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"நான் குடிக்கிறதில்ல, ரஸ்."

"சரி."

"இனிமேலும் குடிக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். ஆனா சனிக்கிழமைய நெனச்சா பயமா இருக்கு. அத்தனை பேர் நடுவுல கை தானா நீண்டுருமோன்னு."

"நீண்டுச்சுன்னா என் சட்டையப் புடிச்சு இழு. அந்த நிமிஷமே ரெண்டு பேரும் வெளிய வந்துருவோம். மாப்பிள்ளை எங்கேன்னு அவனுங்க தேடிக்கிட்டே குடிக்கட்டும்."

"உன்னோட பார்ட்டிடா அது."

"அதான் சொல்றேன். என்னோட பார்ட்டி, நான் வெச்சதுதான் சட்டம்."

வெளியே வந்தார்கள். மூட்டம் கொஞ்சம்கூடக் கலையவில்லை. பாலத்தை நோக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள், ஆளுக்கொரு கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு. ரஸ்ஸல் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். கேலம் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னான், அவனுக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. இதுதான் மிச்சமா என்று அவனுக்கு மனசு கனத்தது. இவ்வளவு நடந்த பிறகும் பஸ் நேரம்தானா?

பாலத்தின் நடுவில் ரஸ்ஸல் நின்றான்.

"நாலு கிளாஸ் உள்ள போயிருந்தா இந்நேரம் உன்னைக் கட்டிப் புடிச்சிருப்பேன்."

"குடிக்காம முடியாதா?"

ரஸ்ஸல் உண்மையாகவே யோசித்தான். "தெரியலடா. செஞ்சு பாத்ததில்ல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரடி எடுத்து வைத்தார்கள். யார் கை மேலே, யார் கை கீழே என்று தெரியாமல் முழங்கை மோதியது. கேலமின் மூக்கு ரஸ்ஸலின் தாடிக்குள் போயிற்று. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், மூட்டத்திலிருந்து திடீரென்று வெளிப்பட்டு, அவர்களைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனாள்.

"விடுடா," என்றான் கேலம். "பட்டப்பகல். ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றான் ரஸ்ஸல். விடவில்லை. கேலமும் கையை எடுக்கவில்லை.