முட்டிக்கு ஊசி போட்ட கோச்

ஷான் சிவசம்பு சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்கு வருகிறார் என்று முகுந்தன் வாட்ஸ்அப்பில் போட்ட நிமிஷத்திலிருந்து யுகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. துறைமுகத்து வாசலில் கண்டெய்னர் லோரியை வரிசையில் நிறுத்திக்கொண்டு அந்தச் செய்தியை ஏழு தடவை படித்தான். ஏழு தடவையும் அதே செய்திதான். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான்.

விஷயம் இதுதான். சுங்கை கிள்ளான் கால்பந்து கிளப் போன சீசனில் பதினெட்டு ஆட்டம் ஆடி மூன்று ஜெயித்தது. அந்த மூன்றில் ஒன்று எதிர் டீம் பஸ் வழியில் நின்றுபோய் வராததால் கிடைத்தது. கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் கிளப் தலைவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். ஷான் சிவசம்பு, வயது ஐம்பத்தெட்டு. தலைவர் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவார், வடக்கு மூலை வேண்டாம் என்று சொல்லாவிட்டால்.

வடக்கு மூலை என்பது ஸ்டேடியத்தில் வடக்குப் பக்கம் நின்று கத்துகிற கூட்டம். மொத்தமே இருநூறு பேர்தான், ஆனால் அந்த இருநூறு பேர் வராவிட்டால் ஸ்டேடியத்தில் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோச் வந்தாலும் முதலில் கிள்ளானில் கௌஸின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பிறகு, முன்னே அவருக்குக் கீழே ஆடினவன் ஒருவன் நம்பலாம், இல்லை வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லவேண்டும். அவன் பேர் போட்டுத்தான் கடிதம் தலைவருக்குப் போகும். ஒரு தடவை தலைவர் அந்தக் கடிதத்தை மதிக்கவில்லை. ஆறு ஆட்டம் மூலை காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு மதித்தார்.

ஷான் சிவசம்புவுக்குக் கீழே ஆடினவன் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தன்தான், முட்டி யுகேன் என்று பேர் வாங்கிய யுகேந்திரன். அந்த முட்டியை நொறுக்கியதே இந்தக் கோச்தான் என்பது மூலையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை டீமுக்கு யுகேந்திரன் டிஃபென்ஸில் ஆடிக்கொண்டிருந்தான். ஷான் சிவசம்புதான் கோச். யுகேந்திரனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அடுத்த மாதம் சுங்கை கிள்ளானுக்கு வரவேண்டியவன், அவனைப் பார்க்க ஃபைனலுக்குக் கிளப் ஆட்கள் வருவதாகப் பேச்சு. அந்த ஃபைனலில் முட்டிச் சவ்வு கிழிந்தது, ஆட்டமும் போனது. ஆபரேஷன் முடிந்து கட்டையை ஊன்றிக்கொண்டு இதே கௌஸ் கடைக்கு வந்தபோது, ஏன்டா காயத்தோடு ஆடின, உனக்கென்ன கிறுக்கா என்று ஆளாளுக்கு அவனைக் காய்ச்சினார்கள். பொறுக்க முடியாமல் அவன் ஒன்றைச் சொன்னான்: கோச் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு ஆட வைத்தான்.

ஊசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் பிராக்டிஸில் கால் பிசகிவிட்டது. கம்போங் மேடானில் கை கால் உருவிவிடுகிற மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம், பாக்சிக் என்பார்கள், யாருக்கும் தெரியாமல் போனான். அவர் எண்ணெய் போட்டு நீவிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் பந்தைத் தொடாதே என்று மலாயில் திட்டி அனுப்பினார். இவன் முட்டியில் துணியைச் சுற்றி, அதற்குமேல் இரண்டு சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லபிள்ளை மாதிரி போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டான். கோச்சுக்குத் தெரிந்தால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார், கிளப் ஆட்கள் வந்த வழியே போய்விடுவார்கள் என்ற பயம்.

சொன்ன பொய் சும்மா கிடக்குமா? முதல் வருஷம் வெறும் ஊசி. மூன்றாம் வருஷம் அழுத்திப் பிடிக்க இரண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். போன வருஷம் மூலையில் மேளம் அடிக்கிற சீதாலெட்சுமி சொல்லக் கேட்டபோது கதவையும் பூட்டியிருந்தார்கள். யுகேந்திரன் எதையும் மறுக்கவில்லை. அந்தக் கதைதான் அவனுக்கு மூலையில் முன்வரிசை இடத்தையும் எல்லாரிடமும் ஒரு மரியாதையையும் வாங்கிக் கொடுத்திருந்தது. இன்றைக்கு அந்த மனுஷன் வந்து, ஊசியா, எந்த ஊசி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அத்தனையும் சந்தி சிரித்துவிடும். கேட்காமல் போனாலோ, செய்யாத குற்றத்துக்கு ஒருத்தர் வேலை போகும்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே மேஜை நிறைந்துவிட்டது. மதியச் சோற்றுக் கூட்டம் கலைந்து, கௌஸ் கல்லாவை விட்டு எழுந்துவந்து யுகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்தார். ராமநாதபுரத்துப் பூர்வீகம், கிள்ளானில் மூன்றாம் தலைமுறை, யுகேந்திரனுக்கு நெருங்கிய கூட்டாளி. எதிரே மூலையின் செயலாளர் முகுந்தன், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். தன் நிழலைக்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். சீதாலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள்.

பேச்சு சூடாகத்தான் போனது. அந்த ஆள் வடக்கே ஒரு கிளப்பைப் பாதி சீசனில் விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்றான் முகுந்தன். ஏன் ஓடினான், யார் விரட்டினது, பேப்பரில் ஏன் வரவில்லை என்று அவனே கேள்வி கேட்டு, அவனே தலையாட்டிக்கொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட்கள் இங்கிலீஷில் பேசி மயக்கிவிடுவார்கள், ஜாக்கிரதை என்றார் யாரோ. தலைவருக்கும் அவருக்கும் கோல்ஃப் சிநேகம் என்று ஒரு தகவல். கோல்ஃப் இல்லை, மச்சினன் உறவு என்று அதற்குத் திருத்தம். சீதாலெட்சுமி மட்டும், வேறு எதுவும் வேண்டாம், முட்டியைப் பற்றிக் கேட்டால் போதும், அதிலேயே ஆள் அகப்பட்டுக்கொள்வான் என்றாள். யுகேந்திரன் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அதில் சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

சரியாக மூன்று மணிக்கு ஒரு பழைய கார் வந்து நின்றது. ஷான் சிவசம்பு தனியாகத்தான் வந்தார். தலை முழுக்க நரைத்து, தொப்பை கொஞ்சம் வைத்திருந்தார். எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, யுகேந்திரன் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பார்த்த பார்வை எதைச் சொன்னது என்று இவனுக்கு விளங்கவில்லை.

வடக்கே ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று முகுந்தன் கேட்டான். தலைவர் மகனை டீமில் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை என்றார் அவர். நல்ல கதை, சரிபார்க்க வழியில்லை என்று முகுந்தன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். அவருக்கே கேட்கிற மாதிரிதான் முணுமுணுத்தான். இன்னும் இரண்டு மூன்று கேள்வி போனது. எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பதில். நீளமாகச் சொன்னால் பொய் என்பார்கள், சின்னதாகச் சொன்னால் மறைக்கிறான் என்பார்கள். வடக்கு மூலையில் கோச்சாக உட்கார்வது அப்படித்தான்.

கடைசியில் சீதாலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், இவர் முட்டிக்கு ஊசி போட்டு ஆட வெச்சீங்களா, இல்லையா?"

யுகேந்திரன் மேஜைக்கடியில் தன் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

ஷான் சிவசம்பு அவனைப் பார்த்தார். பிறகு சீதாலெட்சுமியைப் பார்த்தார்.

"அவர் அப்படிச் சொன்னா, சரியாத்தான் இருக்கும்மா."

மேஜையே கொந்தளித்தது. ஒத்துக்கொண்டான் பார் என்று ஒருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். முகுந்தன் அப்போதே பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டான். அவர் தன் தேத்தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்து, கௌஸுக்கு நன்றி சொல்லி எழுந்துபோனார். வழியனுப்ப ஒருத்தரும் எழவில்லை.

யுகேந்திரனுக்குத் தப்பித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. செய்யாததைச் செய்தேன் என்று எவனாவது ஒத்துக்கொள்வானா? இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது? நாளைக்கு வேறு மாதிரி மாட்டி வைக்கப் பார்க்கிறானா? உட்கார முடியாமல் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனான்.

அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவன் வருவதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"கிளட்ச் மிதிச்சா வலிக்கும். எதுக்கு சார் ஒத்துக்கிட்டீங்க? ஊசி எங்க போட்டீங்க? நான்தானே உங்ககிட்ட மறைச்சேன்."

"நீ மறைச்சது எனக்குத் தெரியும்."

யுகேந்திரன் கார்க் கதவின்மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"பஸ் முழுக்க உருவுற எண்ணெய் வாசம். உன் சீட்லேருந்துதான் வந்துச்சு. ரெண்டு சாக்ஸ் போட்டிருந்த. படியில எறங்கறப்ப கம்பியப் புடிச்சுக்கிட்டு எறங்கின. எல்லாத்தையும் பார்த்தேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா உன்ன உட்கார வைக்கணும். எனக்கு அந்தக் கப் வேணும். ஊசி போடலன்னாலும் ஆட வெச்சது நான்தானே."

யுகேந்திரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. பன்னிரண்டு வருஷமாக, ஒன்றும் அறியாத மனுஷன்மேல் பழியைப் போட்டோமே என்று ராத்திரியும் பகலும் மனசுக்குள் குறுகிக் கிடந்திருக்கிறான். லோரி ஓட்டும்போதுகூட அந்த நினைப்புதான். அந்த ஒன்றும் அறியாத மனுஷன் எல்லாம் அறிந்துகொண்டுதான் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை எழவில்லை.

"இப்ப இருந்தா கேப்பீங்களா?"

அவர் யோசித்தார். உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் இவன் நம்பியிருக்கமாட்டான்.

"சாதா மேட்ச்னா கேப்பேன். ஃபைனல்னா என்னை நானே நம்பமாட்டேன் தம்பி. அதுக்குத்தான் உன்ன கேக்கணும்னு இருந்தேன். எனக்கு இந்த வேலை கெடச்சா நீயும் வா. பிளேயர்ஸ் கால மட்டும் பாரு. எவன் மறைக்கிறான்னு உன் கண்ணுக்குத் தெரியும். நீ வேணாம்னு சொன்ன ஆள நான் எறக்கமாட்டேன்."

இது மன்னிப்பா, லஞ்சமா? யுகேந்திரனுக்குப் புரியவில்லை. இரண்டுமாகக்கூட இருக்கலாம். திரும்பிக் கடைக்குள் வந்துவிட்டான்.

அதற்குள் முகுந்தன் கடிதத்தை மலாயில் எழுதி முடித்திருந்தான். ஊசி, இரண்டு ஆட்கள், பூட்டின கதவு என்று ஒன்று விடாமல் இருந்தது. கீழே யுகேந்திரன் பேர் எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பேனாவைக் கொடுத்து, போடு லா என்றான்.

"ஊசி போடல," என்றான் யுகேந்திரன்.

யாருக்கும் காதில் ஏறவில்லை. இன்னொரு தடவை சொன்னான். பாக்சிக்கிடம் போனது, துணி சுற்றியது, இரண்டு சாக்ஸ் போட்டது, கட்டையை ஊன்றிக்கொண்டு வந்த அன்றைக்கு இதே கடையில் வாய்க்கு வந்ததைச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். அவர் வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டுக் கேட்காமல் இருந்ததையும் சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகும் என்று நினைத்தான். ஆகவில்லை. எதிரே இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டு வந்தன.

"பாவம் லா, மெரட்டிருப்பான்," என்றாள் சீதாலெட்சுமி.

முகுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். கார் கிட்ட பத்து நிமிஷம் நின்றாய், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றான். போகும்போது ஒரு பேச்சு, வரும்போது ஒரு பேச்சு, நடுவில் என்ன நடந்தது என்று கேட்டான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்தி இருந்தது.

ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டது கௌஸ். கட்டையோடு வந்த அன்றைக்கு, விடுங்கப்பா பையனை என்று சொல்லி அவனை நாற்காலியில் உட்கார வைத்த அதே கௌஸ்தான் கேட்டார்.

"யுகேன், ஒளிக்காம சொல்லு. வேல ஏதும் தரேன்னானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்றே எழுத்து. சொன்னால் பாதிப் பேராவது நம்புவார்கள். யுகேந்திரன் வாயைத் திறந்தான்.

"ஆமாண்ணே. வரச் சொன்னாரு."

கௌஸ் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். சீதாலெட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டாள். சாட்சி விலைபோய்விட்டான் என்றும் கடிதத்தில் சேர்த்துவிடப் போகிறேன் என்றான் முகுந்தன்.

"சேர்த்துக்க," என்றான் யுகேந்திரன். "ஆனா என் பேர அடிக்காத."

பேனாவை அவனே எடுத்தான். ஊசியையும் ஆட்களையும் கதவையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதினான். முட்டியை மறைத்தது நான். பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தது அவர். எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள், அதில் எங்கே தில்லுமுல்லு இருக்கிறது என்று தேடுகிற பார்வை. பன்னிரண்டு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருந்த பொய்யை, அந்த மேஜையில் ஒருத்தரும் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.